வயது ஒரு மாதத்தில் வருவதில்லை

முதியோர் வார்டில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களிடம் என் அனுபவத்தைக் கொஞ்சம் பேசச் சொன்னார்கள். தலை நரைத்த டாக்டரம்மா, மெதுவாக ஏதாவது நல்ல வார்த்தை சொல்லிவிட்டுக் காப்பி குடித்துவிட்டுப் போவாள் என்று நினைத்துக் கூப்பிட்டிருப்பார்கள். நேற்றே வந்து உங்கள் வார்டை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டேன். சில கட்டில்களில் தொங்கும் தாளில், நோயின் காரணம் என்ற இடத்தில் ‘வயோதிகம்’ என்று எழுதியிருக்கிறது. எழுதிய கை யாருடையது என்று கேட்கப்போவதில்லை. அந்தக் கைக்காகத்தான் இதைச் சொல்ல வந்திருக்கிறேன்.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இது நான் கோட்டைவிட்ட கேஸ் இல்லை. பெரியவர்கள் தங்கள் தவறைச் சொல்லி அழுதால் உங்களுக்குக் கேட்கச் சுகமாக இருக்கும். வீட்டுக்குப் போய் நிம்மதியாகத் தூங்குவீர்கள். இது நான் சரியாகக் கண்டுபிடித்த கேஸ். கண்டுபிடித்து என்ன ஆயிற்று என்பதுதான் விஷயம்.

எழுபதுகளின் நடுப்பகுதி. தூத்துக்குடியில் புதிய துறைமுகம் வேலைக்கு வந்திருந்தது. பெரிய கப்பல்கள் அங்கே போய்விட, பழைய துறைமுகத்தில் பாய்மரத் தோணிகள் கொழும்புக்கு வெங்காயமும் கருவாடும் கூரை ஓடும் ஏற்றிக்கொண்டிருந்தன. நான் கயத்தாற்றில் பலசரக்குக் கடைக்காரர் வீட்டுப் பெண். டாக்டருக்குப் படித்து முடித்து, கடற்கரைக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் சேர்ந்த புதிது. கடலைப் பற்றி எனக்கு அன்றைக்குத் தெரிந்ததெல்லாம் அதன் நாற்றம்தான்.

கஸ்பார் தண்டலை அவர் மனைவி சலேத்தம்மாள் கூட்டிக்கொண்டு வந்தார். தண்டல் என்றால் தோணியின் தலைவர். பாயை எப்போது ஏற்றுவது, எப்போது இறக்குவது, எந்தப் பக்கம் திருப்புவது, எல்லாம் அவர் வாய்ச்சொல்தான். அறுபத்து நாலு வயது. கறுத்து இறுகிய உடம்பு, அடர்ந்த நரைமுடி. அவர் பெஞ்சில் உட்கார்ந்து சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். அம்மாள்தான் பேசினார்.

“பாஸ்குப் பண்டிகைக்கு நல்லாத்தான் இருந்தாவ டாக்டரம்மா. சப்பரத்துக்கு முன்ன நின்னு ஆள வெலக்கி விட்டாவ. அதுக்குப் பொறவு கொழும்புக்குக் கடைசி நடை போயிட்டு வந்தாவ. இப்பம் பாருங்க, சாரத்த எப்படி உடுத்தணும்னு தெரியாம கையில புடிச்சிக்கிட்டு நிக்காவ. காலைல சரியாப் பேசுதாவ. மத்தியானம் என்னையவே யாருன்னு கேக்காவ.”

பாஸ்கு என்கிற ஈஸ்டர் பங்குனி, சித்திரையில் வரும். ஆனி, ஆடிக் காற்றில் தோணிகள் கடலுக்குப் போவதில்லை. கரையில் ஒதுக்கிப் பழுது பார்ப்பார்கள். அந்த ஓய்வுக் காலத்தில்தான் இதெல்லாம் நடந்தது. காற்று மாறிப் பருவம் திறந்ததும் அவர் மறுபடி தோணியை எடுக்க வேண்டும். ஐம்பது வருஷமாக அது ஒன்றுதான் அவர் பிழைப்பு, மரியாதை, பேச்சு எல்லாம். அதை எடுக்க முடியுமா முடியாதா என்பதுதான் அந்தக் குடும்பத்தின் கேள்வி.

எங்கள் பெரிய டாக்டர் வந்தார். ஊரே கையெடுத்துக் கும்பிடும் மனிதர். கெட்டிக்காரர், அதில் சந்தேகமில்லை. இன்றைக்கு என்ன தேதி என்று கேட்டார்.

“தேதி எதுக்கு? கச்சான் காத்து அடிக்கி” என்றார் தண்டல். ஆனி, ஆடிக் காற்றுக்குக் கடற்கரையில் அதுதான் பெயர்.

காலையில் என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டார். தண்டல் மனைவியின் முகத்தைத் திரும்பிப் பார்த்தார். கொழும்புத் துறைமுகத்துக்குள் எப்படி நுழைவது என்று கேட்டதும், தூரத்தில் தெரியும் விளக்கிலிருந்து பாறை வரைக்கும் ஒன்றுவிடாமல் ஒப்பித்தார். பெரிய டாக்டர் என்னைப் பார்த்துச் சிரித்தார். “பாத்தீங்களாம்மா, பழசு நிக்குது, புதுசு நிக்கல. சினைல் டிமென்ஷியா. மூளை சுருங்கிட்டு. அறுபதைத் தாண்டினா இதுதான், வேற என்ன?” என்று சொல்லி எழுதிவிட்டு அடுத்த நோயாளியைப் பார்க்கப் போய்விட்டார். அந்த அம்மாளுக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை.

இப்போது கொஞ்சம் பாடம் கேட்டுக்கொள்ளுங்கள். வயதாக ஆக மூளை சுருங்கும், உண்மை. தெரிந்த ஆளின் பெயர் நாக்கு நுனியில் நிற்கும், வெளியே வராது; குளிக்கும்போது தானாக வரும். ஒரே நேரத்தில் இரண்டு காரியம் பார்க்கச் சிரமப்படும். கேள்வி கேட்டால் பதில் ஒரு நொடி தாமதித்து வரும். பாதத்தின் நரம்பு மந்தமாகி, கண்ணை மூடி நின்றால் ஆள் ஆடுவார். தூக்கம் குறையும். இவ்வளவும் வயது செய்வது. இதெல்லாம் வருஷக்கணக்கில் வரும். வருவதே தெரியாமல் வரும். கை பழகிய வேலையை அது லேசில் தொடாது. பாஸ்குக்கும் ஆனிக்கும் நடுவில் ஒரு மனிதனை அது சாரம் உடுத்தத் தெரியாதவனாக்காது. காலையில் போய் மத்தியானம் திரும்பி வரவும் வராது. அப்படி வருவது எதுவாக இருந்தாலும் அதற்கு வேறு பெயர் இருக்கிறது, அதைத் தேடுவதற்குத்தான் உங்களுக்குச் சம்பளம்.

இன்னொன்று. மூளை சுருங்கினால் மண்டை ஓடும் கூடச் சுருங்குமா? சுருங்காது. நடுவில் இடைவெளி விழும். அந்த இடைவெளியைத் தாண்டிப் போகும் சின்ன இரத்தக் குழாய்கள் இழுபட்டுக் கிடக்கும். இளவட்டம் என்றால் தலையைத் தடவிவிட்டுப் போய்விடும் அடி, வயதானவருக்கு அந்தக் குழாயை அறுத்துவிடும். உள்ளே சொட்டுச் சொட்டாகக் கசிந்து, வாரக்கணக்கில் தேங்கி, பிறகுதான் மூளையை அமுக்கும். அதற்குள் அடிபட்டதே எல்லாருக்கும் மறந்திருக்கும். வயதுதான் அந்த இடத்தை உண்டாக்கியது என்பது சரி. ஆளைக் கெடுப்பது அங்கே தேங்கும் இரத்தம், அதை எடுத்துவிடலாம்.

தண்டல் நடக்கும்போது வலது கால் செருப்பு மட்டும் கழன்று கழன்று விழுந்ததைப் பார்த்தேன். அம்மாளிடம் கேட்டேன், எங்காவது விழுந்தாரா, தலையில் அடிபட்டதா என்று. இல்லை என்றார். தோணியில் சுக்கான் பிடிக்கும் லூர்து அங்கேயே நின்றான். அம்மாளுக்கு உடன்பிறந்த தம்பி. அவனிடமும் கேட்டேன்.

“இல்லம்மா. அத்தான் விழுத ஆளா?” என்றான்.

மூத்த மகன் அருளப்பனுக்கு ஒன்றும் தெரியவில்லை. அவன் அந்த நடை போகவில்லை. கூடப் போன மற்றவர்களையும் வரவழைத்துக் கேட்டேன். ஒரே குரலில் இல்லை என்றார்கள். அத்தனை பேரும் ஒரே மாதிரி இல்லை என்றதே எனக்கு உறுத்தலாக இருந்தது. மனிதர்கள் உண்மையைச் சொல்லும்போது ஆளுக்கொரு விதமாகத்தான் சொல்வார்கள்.

வார்டில் சேர்த்துக்கொண்டோம். சில நாளில் ஒரு மத்தியானம் தண்டலுக்கு ஆவேசம் வந்துவிட்டது. கட்டிலை விட்டு இறங்கி, நங்கூரம் எடுக்க வேண்டும் என்று கத்தி, பிடிக்க வந்த ஆளைத் தள்ளிவிட்டார். பெரிய டாக்டர் திருநெல்வேலிக்கு ஒரு கல்யாணத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். காரில் ஏறிக்கொண்டே, தூங்குவதற்கு ஊசி போடச் சொல்லிவிட்டுப் போனார். நர்சு ஊசியை ஏற்றிக் கையில் வைத்துக்கொண்டு என் முகத்தைப் பார்த்தாள்.

இந்த இடத்தைத்தான் கவனமாகக் கேளுங்கள். ஊசி போட்டால் வார்டு அமைதியாகும். எல்லாருக்கும் சந்தோஷம். ஆனால் அதற்குப் பிறகு அவர் தூங்குகிறாரா, நினைவு தப்பிப் போய்க்கொண்டிருக்கிறாரா என்று எனக்கு எப்படித் தெரியும்? நமக்கு இருந்த ஒரே அளவுகோல் அவருடைய முழிப்புதான். அதை நாமே அணைக்கலாமா? வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். பயமாகத்தான் இருந்தது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் பெரிய டாக்டர் சொன்னதை மாற்றுவது என்றால் இன்றைக்கு நீங்களும் இரண்டு முறை யோசிப்பீர்கள். நாலு பேரைப் பிடிக்கச் சொல்லி உட்கார வைத்தேன். சலேத்தம்மாள் கையைப் பிடித்துக்கொண்டதும் கொஞ்சம் அடங்கினார். பக்கத்தில் உட்கார்ந்து அந்த அடர்ந்த முடிக்குள் விரலை விட்டுத் தடவிப் பார்த்தேன். இடது காதுக்கு மேலே ஆறிப்போன காயம் தட்டுப்பட்டது. பொருக்கோடு காப்பித்தூள் இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது. டார்ச் அடித்துப் பார்த்தேன். இடது கண்மணி வலதைவிடப் பெரிதாக இருந்தது.

லூர்தைக் கூப்பிட்டேன். முடியை விலக்கிக் காட்டினேன். “இது என்ன?” என்றேன்.

அவன் தலையைக் குனிந்துகொண்டான். “கடல்ல நடந்தத கரையில பேசமாட்டோம்மா” என்றான்.

பிறகுதான் விஷயம் வந்தது. கொழும்பிலிருந்து திரும்பும்போது பாயை இறக்கையில் கயிறு நழுவி, பாய் கட்டும் குறுக்கு மரம் தண்டலின் தலையில் பட்டிருக்கிறது. பெரிய அடி இல்லை. காப்பித்தூளை அப்பி, அவரே சிரித்துவிட்டு வேலையைப் பார்த்திருக்கிறார். ஆனால் தண்டலை அவருடைய தோணி மரமே அடித்தது என்றால் அதை ஆகாத குறியாக நினைப்பார்கள். அந்தத் தோணியில் சரக்கு ஏற்ற யோசிப்பார்கள், ஆள் ஏற யோசிப்பார்கள். அதனால் கூட இருந்த அத்தனை பேரும் கரைக்கு வரும் முன்பே வாயைக் கட்டிக்கொண்டார்கள். பயத்தில் இல்லை, அவர்மேல் வைத்த மரியாதையில். அந்த மரியாதையை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு எரிச்சல் வருகிறது.

சலேத்தம்மாள் கேட்டுக்கொண்டே நின்றார். “ஏலே லூர்து, எங்கிட்டயுமாலே மறச்ச?” என்றார்.

“அத்தான்தாம்க்கா சொல்லாதலேன்னாவ.”

“மேலுக்கு முடியாமக் கெடக்கும்போதும் சொல்லலியேல. டாக்டரம்மா வாய்விட்டுக் கேட்டாவள்லா.”

அவன் அழுதான். அழுவதற்கு அப்போது நேரமில்லை. மதுரையில் மண்டையைத் திறந்து ஆபரேஷன் செய்யக்கூடிய ஒருவர் இருந்தார். தலைக்குள் படம் எடுத்துப் பார்க்கும் இயந்திரமெல்லாம் அன்றைக்கு ஏது? கையும் கண்ணும் சொன்னதை நம்பித்தான் அனுப்ப வேண்டும். அருளப்பன் ஓடி வந்தான். “வயசான காலத்துல தலையில ஓட்ட போடவா கொண்டுபோறீய? பெரிய டாக்டர் வரட்டும்” என்றான். அவர் வரும்வரை காத்திருந்தால் அடக்கத்துக்குத்தான் ஏற்பாடு செய்ய வேண்டியிருக்கும் என்றேன். அப்படி முகத்துக்கு நேரே சொல்லலாமா என்று கேட்பீர்கள். மெல்லச் சொல்லி அவன் புரிந்துகொள்ளும்வரை கண்மணி காத்திருக்காது. அம்மாள் கையெழுத்துப் போட்டார். வாடகைக் காரில் எட்டயபுரம் வழியாகக் கொண்டுபோனோம். அருப்புக்கோட்டை தாண்டும்போது அவர் கூப்பிட்டால் முனகவும் இல்லை.

மதுரையில் அந்த சர்ஜன் என்னிடம் அதிகம் கேட்கவில்லை. செருப்பு, கண்மணி, காயம் மூன்றையும் சொன்னேன். தலையாட்டிவிட்டு உள்ளே போனார். மண்டையில் துளை போட்டதும் பழைய என்ஜின் எண்ணெய் மாதிரிக் கறுப்பு இரத்தம் வடிந்தது. மறுநாள் தண்டல் கண்ணைத் திறந்து, தலையைத் தடவிப் பார்த்து, “ஏளா சலேத்து, எவன்ளா எனக்கு மொட்ட போட்டது?” என்று கேட்டார். நான் வராந்தாவுக்குப் போய் நன்றாக அழுதேன்.

பெரிய டாக்டர் பிறகு என்னிடம், “குட் கேட்ச்” என்றார். அவ்வளவுதான். அடுத்த வாரம் வந்த ஒரு கிழவியின் தாளிலும் சினைல் டிமென்ஷியா என்றுதான் எழுதினார்.

கதை இத்தோடு முடிந்திருந்தால் நான் உங்களிடம் வந்து வாயைக் கொடுத்திருக்க மாட்டேன்.

மாதா கோயில் கொடியேற்றத்துக்குத் தண்டல் தன் காலில் நடந்து போனார். நான் அவரை நன்றாகச் சோதித்தேன். செருப்பு கழலவில்லை. சொன்னதை மறக்கவில்லை. பெயர்கள் சில நேரம் தாமதித்து வந்தன, வந்தன. அவர் வயதுக்கு உரியது எதுவோ அது இருந்தது, அதற்கு மேல் எதுவும் இல்லை. ஆனால் வீட்டில் அவருக்குத் திரும்பக் கிடைக்காத ஒன்று இருந்தது. அவர் சொன்னால் அதை அப்படியே எடுத்துக்கொள்ளும் பழக்கம் போய்விட்டிருந்தது.

பேரனை மகன் பெயர் சொல்லிக் கூப்பிட்டால், அருளப்பனும் அவன் மனைவியும் கண்ணால் பேசிக்கொள்வார்கள். கண்ணாடியைத் தேடினால், “மறுபடி ஆரம்பிச்சிட்டு” என்பார்கள். பார்க்க வருகிற சொந்தக்காரர்கள் அவரை வைத்துக்கொண்டே அம்மாளிடம், “சாப்பிட்டாவளா? ஒறங்குதாவளா? ஆள் அடையாளம் தெரியுதா?” என்று கேட்பார்கள். அவர் பதில் சொல்ல வாயெடுத்தால், பதில் சரியாக இருக்கிறதா என்று அம்மாள் முகத்தைத் திரும்பிப் பார்ப்பார்கள். தலைக்குள் ஆபரேஷன் செய்தவர் என்றால் ஊருக்கு அவர் பாதி மனிதர்தான்.

ஒருநாள் தனியாக என்னிடம் வந்தார். நாற்காலியைக் காட்டினேன், உட்காரவில்லை.

“டாக்டரம்மா, எனக்கு மறதி இருக்கு. இல்லன்னு சொல்லல. ஆனா இந்த மறதி போன வருசமும் இருந்துச்சு. அப்பம் யாரும் எண்ணிக்கிட்டு இருக்கல” என்றார்.

“நான் ஒங்க மகன்கிட்ட பேசுதேன் தண்டல்.”

“பேசுங்க. ஒங்களையாவது பேச விடுவான்.”

அவர் வீட்டுக்கே போனேன். அருளப்பனிடம், உங்கள் அப்பாவுக்கு வந்தது வயதால் வந்த கோளாறு இல்லை, காயம். காயம் ஆறிவிட்டது என்றேன். அவன் கெட்டவன் இல்லை, அதைச் சொல்லியாக வேண்டும். “நீங்க சொல்லுதது சரிதாம்மா. ஆனா கடல்ல ஒரு தப்பு நடந்தா அவிய மட்டுமா போவாவ? ஏறின அத்தன பேரும்லா போவான்” என்றான். அது நியாயமான பேச்சு. ஆனால் தப்பு நடக்கும் என்று அவனுக்கு எப்படித் தெரியும் என்று கேட்டேன். பார்த்தாலே தெரியவில்லையா என்றான். பார்த்தால் தெரிவது தலையில் இருந்த வடு ஒன்றுதான்.

அவருக்கு வேகம் குறைந்திருந்ததா? குறைந்திருந்தது. ஆபரேஷனுக்குப் பல வருஷம் முன்பே குறைந்திருந்தது. அது அவருக்கே தெரியும். அதனால்தான் பாய்மரத்து வேலையை இளையவர்களிடம் விட்டுவிட்டு, அவசரமாக உத்தரவு போட வேண்டிய நிலைமையே வராதபடி முன்கூட்டியே தோணியைக் கொண்டுபோகப் பழகியிருந்தார். வயதான மூளை அப்படித்தான் வேலை செய்யும். ஓடிப் பிடிக்க முடியாததை முன்னாலேயே போய் நின்று பிடிக்கும். நாம் தாமதத்தை மட்டும் பார்க்கிறோம், அந்த முன்யோசனையைப் பார்ப்பதில்லை.

கடைசியில் தோணி முதலாளி ஒரு வழி சொன்னார். பருவம் திறந்ததும், வெளியே நங்கூரமிட்டிருக்கும் கப்பல் ஒன்றுக்குச் சரக்குக் கொண்டுபோய்த் திரும்பட்டும். ஒரு நடை பார்ப்போம் என்றார். அருளப்பனும் கூடப் போனான். நான் போகவில்லை, நடந்ததை லூர்துதான் பிறகு வந்து சொன்னான்.

போகும்போது ஒரு குறையும் இல்லை. கப்பலில் சரக்கை ஏற்றிவிட்டுத் திரும்பும்போது காற்று கொஞ்சம் திசை மாறியிருக்கிறது. துறைமுக வாய்க்குள் நுழையும் இடம். அந்த நேரத்தில் தோணியில் ஒரே ஒரு குரல்தான் கேட்க வேண்டும். தண்டல் சொல்லாமல் யாரும் கயிற்றைத் தொட மாட்டார்கள். எல்லாரும் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அவர் காற்றைப் பார்த்தார், பாயைப் பார்த்தார். வாயைத் திறக்க ஒரு மூச்சு எடுத்தார். அதற்குள் அருளப்பன் கத்திவிட்டான். “பாய எறக்குங்கலே.”

ஆட்கள் இறக்கிவிட்டார்கள். மகன் சொன்னதும் தப்பில்லை, தோணி ஒழுங்காகத்தான் உள்ளே வந்தது. ஆனால் தோணியில் இரண்டாவது குரல் கேட்டு, ஆட்கள் அதற்குக் கீழ்ப்படிந்துவிட்டால், முதல் குரலுக்கு அங்கே வேலை இல்லை. அதை யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

“ஒங்க அத்தான் என்ன சொல்ல வந்தார்னு கேட்டியா?” என்றேன்.

“கேட்டேம்மா. அதேதான் சொல்ல வந்தேன்லேன்னாவ. ஒரு மூச்சு பொறுத்திருந்தா அதேதான் வந்திருக்கும்.”

ஒரு மூச்சு. இந்த வார்டில் நீங்கள் ஒரு நாளைக்கு எத்தனை பேரிடம் அந்த ஒரு மூச்சைப் பிடுங்குகிறீர்கள் என்று யோசித்துப் பாருங்கள். கேள்வி கேட்கிறீர்கள், பதில் அங்கிருந்து கிளம்பி வருவதற்குள் பக்கத்தில் நிற்கும் மகளைப் பார்க்கிறீர்கள். அவள் சொல்கிறாள், நீங்கள் எழுதிக்கொள்கிறீர்கள். கட்டிலில் இருப்பவர் திறந்த வாயை மூடிக்கொள்கிறார். பிறகு தாளில் எழுதுகிறீர்கள், நோயாளி சரியாகப் பேசுவதில்லை என்று. நேற்றுக்கூட நான் நின்று பார்த்தேன்.

தண்டல் கரையில் இறங்கி வீட்டுக்குப் போனார். அன்றையிலிருந்து பேச்சைக் குறைத்துவிட்டார். அருளப்பன் தண்டல் ஆனான். பெயரை மாற்றிச் சொன்னால்தானே எண்ணுவீர்கள், யாரையும் கூப்பிடவே மாட்டேன் என்பதுபோல் இருந்தார். கண்ணாடியைத் தேட மாட்டார், கிடைக்காவிட்டால் போடாமல் இருந்துவிடுவார். பரிசோதனைக்கு வந்தபோது நான் கேட்டதற்கெல்லாம் ‘ஆமா’, ‘இல்ல’ என்பதோடு நிறுத்திக்கொண்டார். மனவருத்தம் என்று எனக்குத் தெரிந்தது, அம்மாளிடம் சொன்னேன்.

“இப்பம் வீட்டுல சண்ட சச்சரவு இல்ல டாக்டரம்மா. ஒரு மூலையில செவனேன்னு இருக்காவ” என்றார் அவர். அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் ஒரு நிம்மதி இருந்தது. பாவம், அவரும் களைத்துப்போயிருந்தார்.

கிறிஸ்துமஸ் முடிந்து பொங்கல் நெருங்கும் நேரத்தில் ஒரு காலை அவரைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். இரண்டு கண்மணியும் விரிந்து கிடந்தன. மூச்சு விட்டுவிட்டு வந்தது. முடியை விலக்கினேன். இந்த முறை வலது பக்கம், நெற்றி ஓரத்தில், ஆறிய சிராய்ப்பு. அம்மாள் யோசித்து யோசித்துச் சொன்னார். அடுக்களை வாசல் நிலை தாழ்வு. சில வாரத்துக்கு முன்பு தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டே இரண்டு நாள் இருந்தாராம். என்ன என்று கேட்டதற்கு ஒன்றுமில்லை என்றாராம். நிலையில் இடித்துக்கொண்டேன் என்று சொன்னால் அதையும் எண்ணுவார்கள் என்று அவருக்குத் தெரியாதா? அதற்குப் பிறகு பகலெல்லாம் உறங்கியிருக்கிறார். பேச்சு அடியோடு நின்றிருக்கிறது. முதல் முறை ஒரே வாரத்தில் அவருடைய மாற்றத்தைக் கண்டுபிடித்துக் கூட்டிவந்த அதே அம்மாள்தான். இந்த முறை மாறுவதற்குத் தண்டலிடம் என்ன இருந்தது? நோய் அவரிடமிருந்து எடுக்கக்கூடியதையெல்லாம் வீடு முன்பே எடுத்துவிட்டது.

மதுரைக்குக் கார் சொல்லி அனுப்பினேன். கார் வாசலுக்கு வந்து நிற்கும்போது மூச்சு நின்றுவிட்டது.

எனக்கு வந்த ஆத்திரத்தை என்னவென்று சொல்ல? முதல் முறை ஜெயித்த அதே நோய். அதே துளை, அதே கறுப்பு இரத்தம், அதே சர்ஜன். ஒரு வாரம் முன்பு ஒரு வார்த்தை, ‘தலை வலிக்கி’ என்று ஒரு வார்த்தை அவர் வாயிலிருந்து வந்திருந்தால் போதும். நீங்கள் படிக்கும் புத்தகங்களில் இந்த நோய்க்கு அறிகுறிகள் வரிசையாக இருக்கும். அவை எல்லாமே நோயாளி வாய் திறந்து சொல்ல வேண்டியவை, அல்லது நேற்றுவரை பேசிக்கொண்டிருந்தவர் இன்று பேசவில்லை என்று யாராவது கவனிக்க வேண்டியவை. பேசாதே என்று ஏற்கனவே உட்கார வைக்கப்பட்டவருக்கு அந்தப் புத்தகத்தில் இடமே இல்லை.

வெளியே வந்தேன். சலேத்தம்மாள் வராந்தாத் தூணில் சாய்ந்து நின்றார். அழவில்லை. அருளப்பன் என்னைப் பார்த்ததும் கையைக் கூப்பினான். அவன் கண் சிவந்திருந்தது. எனக்கு ஆறுதல் சொல்வதாக நினைத்துத்தான் சொன்னான்.

“நீங்க என்ன டாக்டரம்மா செய்வீய. வயசாயிட்டுல்லா. போற நேரம் வந்திட்டு, போயிட்டாவ.”

அம்மாள் தூணை விட்டு நிமிர்ந்து அவனைப் பார்த்தார்.

“ஏலே, ஒங்கப்பா வயசாயிப் போவல. அவிய சொல்லுததுக்குள்ள நாமதாம்ல சொல்லிக்கிட்டே இருந்தோம்.”